கல்யாணக் காருக்குள் விட்ட கை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு வைகாசி மாத சாயங்காலம். ஒரகடத்தைத் தாண்டி வாலாஜாபாத் போகிற ரோட்டில் நடந்தது இது.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். அப்போது இருங்காட்டுக்கோட்டையில் ஊர்க்காரப் பையன்களோடு ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன். காருக்கு ஒயர் தயாரிக்கிற கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. சின்னச் சின்ன கனெக்டர்களை விரலால் அழுத்திச் செருகிக்கொண்டே இருக்க வேண்டும். அன்று முதல் ஷிப்ட் முடித்துவிட்டு, வாலாஜாபாத்தில் இருந்த ஒரு நண்பனைப் பார்க்கத் தனியாக பைக்கில் போய்க்கொண்டிருந்தேன்.

ஷிப்ட் மாறுகிற நேரத்தில் அந்த ரோடு எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். கன்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. ஓரத்தில் ஒரு பழைய அம்பாசிடர், பானெட்டைத் திறந்தபடி நின்றது. பளபளவென்று துடைத்து, மல்லிகைச் சரமும் ரோஜா மாலையுமாக ஜோடித்திருந்தார்கள். கல்யாணப் பெண் பட்டுப்புடவையோடு, உள்ளே புழுக்கம் தாங்காமல் இறங்கி காரின் பக்கத்தில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். காரை ஓட்டி வந்தவர் அவளுடைய அப்பா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இஞ்சினை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாண வண்டி வழியில் நிற்கிறதே என்று பைக்கை ஓரம் கட்டினேன்.

"இன்னான்னே தெர்ல தம்பி. முன்னாடி படபடன்னு அடிச்சிகினே வந்துச்சு. பயந்துபோய் ஆஃப் பண்ணிட்டேன்" என்றார்.

எங்கள் சித்தப்பா ஊரில் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டினவர். அந்த பானெட்டுக்குள் என்னென்ன இருக்கும் என்று எனக்கு அத்துபடி என்று ஒரு நினைப்பு. எட்டிப் பார்த்தேன். எல்லாம் நான் பார்த்துப் பழகிய மாதிரியே இருந்தது. மேலே பித்தளைத் தொட்டியோடு அதே ரேடியேட்டர், அதற்குப் பின்னால் பெல்ட் மாட்டிய அதே இரும்பு ஃபேன். முன்பக்கத்தில் ஜோடித்திருந்த சரம் ஒன்று அவிழ்ந்து, கிரில்லுக்குள் இழுபட்டு, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் சந்தில் சுருண்டு கிடந்தது.

"பூ மாட்டியிருக்கு சார். வேற ஒண்ணும் இல்ல. எடுத்துப் போட்டா சரியாயிரும்" என்றேன்.

அவர் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. பின்னால் வேனில் வந்த சொந்தக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களை முன்னால் போகச் சொல்ல அவர் அந்தப் பக்கம் நடந்தார். நான் குனிந்து வலது கையைச் சந்துக்குள் விட்டேன். இஞ்சின் ஓடவில்லை. சாவிகூட அவர் கையில்தான் இருந்தது.

பூச்சரத்தைப் பிடித்து இழுத்தேன். உள்ளே ஏதோ உறுமியது. கையை யாரோ கடித்து உதறின மாதிரி இருந்தது. வலி உடனே வரவில்லை. கையை வெளியே எடுத்துப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் பாதியில் நின்றுவிட்டது. நடுவிரல் தோலில் தொங்கிக்கொண்டிருந்தது. சந்துக்குள் ஒரு கறுப்பு ஃபேன் தானாகச் சுற்றி, மல்லிகையைத் துண்டு துண்டாக மேலே வீசிக்கொண்டிருந்தது.

வேனை அனுப்பிவிட்டுத் திரும்பின அவளுடைய அப்பா ஓடி வந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கினார். என் கையைப் பார்த்ததும் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பெண் என்னை கார் ஸீட்டில் உட்கார வைத்து, உள்ளே இருந்த துண்டை என் கையில் இறுக்கிச் சுற்றினாள். கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். பிறகு போன் டார்ச்சை அடித்துக்கொண்டு, வளையல் போட்ட கையால் அந்தச் சந்துக்குள் பூவை விலக்கி விலக்கித் தேடினாள். என் விரல் நுனியைத் தேடுகிறாள் என்று எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. தேடி எடுத்தாள். கூடி நின்றவர்களில் ஒருவரைப் பக்கத்துக் கடையில் ஐஸ் வாங்கிவரச் சொல்லி, நுனியை ஒரு கவரில் போட்டு, அதை ஐஸ் கவருக்குள் வைத்துக் கட்டினாள்.

"அப்பா, எழுந்து வண்டிய எடுப்பா. ஸ்ரீபெரும்புதூர் போலாம்."

"ரிசப்ஷனுக்கு எல்லாரும் வந்துட்டாங்கம்மா..."

"இருக்கட்டும். எடுப்பா."

மண்டபம் ஒரு திசை, ஆஸ்பத்திரி இன்னொரு திசை. பேட்டரி ஒயரைத் திரும்ப மாட்டி, காரைத் திருப்பிக்கொண்டு போனோம். பின் ஸீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வழியெல்லாம் என் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். ரத்தம் அவள் முழங்கை வரை வழிந்து புடவையில் இறங்கியது. டிராஃபிக்கில் கார் நிற்கும்போதெல்லாம் முன்னால் அந்த ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. கேட்கும்போதெல்லாம் உடம்பு தூக்கிப் போட்டது. அது ஓடினதால்தான் அந்த நெரிசலில் வண்டி கொதித்து நிற்காமல் ஆஸ்பத்திரி வரை போய்ச் சேர்ந்தது என்பதும் உண்மை.

நுனி நசுங்கிவிட்டது, ஒட்ட வைக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடுவிரலைத் தைத்தார்கள். அது இன்று வரை மடங்காது.

மறுநாள் மத்தியானம் அந்தப் பெண்ணின் அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தார். நெற்றியில் சந்தனம் காய்ந்திருந்தது. மாலை போட்ட தடம் சட்டைக் காலரில் மஞ்சளாக ஒட்டியிருந்தது. கல்யாணம் நடந்துவிட்டது என்றார். ரத்தக் கறையோடு பெண் மண்டபத்துக்குள் வந்ததைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் ஒரு மாதிரி பேசிவிட்டார்களாம். ரிசப்ஷனே நடக்கவில்லையாம். காரை மண்டபத்துப் பக்கமே கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து என் முதுகைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் சொன்னார்.

அவர் சேரப்பணஞ்சேரிக்காரர். ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸில் ஷிப்ட் இன்சார்ஜ். அந்த கார் அவருடைய கல்யாணத்துக்கு வந்த கார். மனைவி இறந்த பிறகு, மகளையும் அதில்தான் மண்டபத்துக்கு அழைத்துப்போக வேண்டும் என்று ஆசை. ஆனால் வெயில் காலத்து நெரிசலில் ஒரகடம் ஜங்ஷனைத் தாண்டுவதற்குள் கொதித்துவிடும். மெக்கானிக்கிடம் விட்டு ரேடியேட்டரின் மேல் தொட்டி, கீழ் தொட்டி இரண்டையும் அப்படியே வைத்து, நடுவில் மட்டும், தண்ணீர் ஓடி ஆறுகிற கனமான புது கோர் போட்டிருக்கிறார். சூடு ஏறினால் தானாக ஓடுகிற மாதிரி ஒரு கரன்ட் ஃபேன். அதைக் கிரில்லுக்குப் பின்னால் ஒளித்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, ஒயரைப் பழைய ஒயர்களோடு சேர்த்துத் துணி சுற்றி மறைத்துவிட்டார்கள். பழைய இரும்பு ஃபேனையும் கழற்றவில்லை. இஞ்சினை நிறுத்தின பிறகுதான் உள்ளே தேங்கின சூடு மேலே ஏறும், அப்போது அந்த ஃபேன் சாவி இல்லாமலே ஓடும். நேராக பேட்டரியில் கொடுத்திருந்தார்கள்.

"ஃபேனுக்கு முன்னாடி வலை போடலாம் சார்னு மெக்கானிக் சொன்னாரு தம்பி. கிரில் வழியா தெரியும், வேணாம்னுட்டேன். பானெட்டத் தொறந்து பாக்கறவன் ஒருத்தனும் புதுசா ஒண்ணு கீதுன்னு கண்டுபிடிக்கக் கூடாது, அதான் எனக்கு. கம்பெனில மெஷினுக்கு மெஷின் போர்டு மாட்டுறவன் நானு. கை வைக்காத, தானா ஓடும்னு. என் வண்டியில ஒரு ஸ்டிக்கர் ஒட்டல. அழகு கெட்டுடும்னு."

சொல்லிவிட்டு எழுந்து போனார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் கொடுமை. கம்பெனி கேட்டில் வருகைக்கு விரல் வைக்கிற மெஷினில் என் ஆள்காட்டி விரலைத்தான் பதிந்து வைத்திருந்தார்கள். தையல் பிரித்த பிறகு போய் நின்றேன். மெஷின் என்னை ஏற்கவில்லை. சூப்பர்வைசர் வந்து கையைப் பார்த்தார். லைனில் இனிமேல் என்னால் முடியாது என்றார். வெளியில் நடந்ததுக்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்று கான்ட்ராக்டர் போனை வைத்துவிட்டார். ரூமில் பையன்கள்தான் எனக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிட்டார்கள், சோறு பிசைந்து கொடுத்தார்கள். ஊருக்குப் போனபோது கையை பேன்ட் பாக்கெட்டிலேயே வைத்திருந்தேன். எத்தனை நேரம் அப்படி இருக்க முடியும்? அம்மா என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலாம்.

சில மாதம் கழித்து இருங்காட்டுக்கோட்டை ரூமுக்குத் திரும்பி வேலை தேடிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் புருஷனோடு என்னைப் பார்க்க வந்தாள். பாயை விரித்து உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை.

"அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நீங்க கைய உள்ள வுடும்போது நான் பாத்துகினுதான் இருந்தேன். அங்க ஃபேன் இருக்குன்னு எனக்குத் தெரியும். அப்பா காட்டியிருக்காரு."

நான் கேட்பதற்குள் அவளே மேலே சொன்னாள்.

"போன்ல மாமியார் பேசிகினு இருந்தாங்க. ஏன் லேட்டுன்னு கோவமா கேட்டாங்க. அவங்க பேச்ச நடுவுல வெட்டக் கூடாதேன்னு... முடிக்கட்டும், சொல்லிடலாம்னு இருந்துட்டேன். அதுக்குள்ள."

புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "இத சொல்லாம இவளால தூங்க முடியல ப்ரோ" என்றான்.

இதுவரை அவளை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கும்பிடத்தான் தோன்றியிருந்தது. ஒரு வார்த்தை. 'அண்ணா' என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும், நான் கையை எடுத்திருப்பேன். அவள் மேல் அந்த நிமிடம் வந்த கோபம், அவள் அப்பா மேல்கூட எனக்கு வந்ததில்லை. பரவாயில்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். வாயில் வரவில்லை. அவளும் அதை எதிர்பார்த்து நிற்கவில்லை. மன்னிப்புகூடக் கேட்கவில்லை. அப்பா ஃபேனுக்கு வலை போட்டுவிட்டார், சிவப்பில் பெரிய ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டார், ஆனால் வண்டியை வெளியே எடுப்பதே இல்லை என்று மட்டும் சொன்னாள். புருஷனோடு படியிறங்கிப் போனாள்.

யாருக்கும் தெரியாமல் போயிருக்கும் விஷயம் அது. எனக்குத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. புகுந்த வீட்டில் ஏற்கெனவே பேச்சு வாங்கிக்கொண்டிருந்த பெண், புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்து அதை என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன பிறகு பல நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பார்த்தும் பேசாமல் நின்றவளும், ரத்தத்தில் கை விட்டுத் தேடினவளும் ஒரே பெண்தான். ஒன்றைக் கழித்துவிட்டு இன்னொன்றை மட்டும் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஒரகடத்தில் ஒரு குடோனில் பெட்டிகளுக்கு ஸ்கேன் போடுகிற வேலையில் இருக்கிறேன். இடது கையால் எழுதப் பழகிவிட்டேன். ரோட்டில் யார் வண்டி நின்றாலும் இப்போதும் நிறுத்திக் கேட்கிறேன், ஆனால் கை வைப்பதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று விசாரித்துக்கொள்கிறேன். ஒரே மனுஷி மேல் கோபமும் நன்றியும் ஒன்றையொன்று தின்னாமல் ஒரு மனதுக்குள் கிடக்க முடியும் என்பது எனக்கு அந்தக் கல்யாணப் பெண்ணால்தான் தெரிந்தது. இன்று வரை இரண்டில் எதுவும் குறையவில்லை.