பதினெட்டாவது பெயர்

மகள் முதன்முதலாகக் கனடாவுக்காக விளையாடியது பதினொரு நிமிடங்கள். அந்தப் பதினொரு நிமிடத்தையும் நானே என் கையால் இல்லாமல் ஆக்கினேன்.

பெண்கள் றக்பி லீக்கில் ஒரு பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். மாற்றி இறக்க வெளியே நான்கு பேர். மொத்தம் பதினேழு. அதற்குமேல் ஒருத்தி இறங்கினாலும் அது முழுச் சர்வதேச ஆட்டமாகாது என்பது அன்று எனக்குத் தெரியாது. நல்ல வெயில். இரண்டு கோச்மாரும் கைகுலுக்கி, எங்கள் பக்கத்தில் வந்த இருபது பிள்ளைகளும் விளையாடட்டும் என்று விட்டார்கள். யார் எப்போது இறங்கினார்கள் என்று எழுத ஆளில்லை. ஒரு கொப்பியைத் தந்து என்னைக் கேட்டார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுதுவதென்றால் இன்றைக்கும் பயம். அகதிக் கோரிக்கை விசாரணையில் ஒரே ஒரு திகதி மாறிப்போனதற்கு அரை நாள் குடைந்தெடுத்தார்கள். அன்று தொடக்கம் தாளில் ஒன்றைக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நான் வேலை செய்யும் பிறம்ரன் வெயர்ஹவுசில் ஒரு பெட்டி நசுங்கியிருந்தால்கூட எழுதிவைப்பேன். அன்றும் அப்படியே எழுதினேன். பதினெட்டாவதாக இறங்கியது என் மகள். அவள் பெயரைக் கொஞ்சம் பெரிதாக எழுதி, நேரத்தைப் போட்டு, கீழே கோடும் இழுத்தேன்.

சில மாதங்கள் கழித்து, நடந்த ஆட்டங்களில் எவை முழுச் சர்வதேச ஆட்டங்கள் என்று ஒரு குழு பட்டியல் போடத் தொடங்கியது. பட்டியலில் ஏறினால் விளையாடிய ஒவ்வொரு பிள்ளைக்கும் நாட்டுக்காக விளையாடிய எத்தனையாவது ஆள் என்று வாழ்நாள் முழுக்க ஓர் இலக்கம். கைவசம் பதிவு இருந்தால் அனுப்பும்படி பெற்றோருக்குக் கடிதம் வந்தது. மகள் வேலையில் நின்றாள். அவளைக் கேட்டிருக்கலாம். பிந்தினால் எங்கள் ஆட்டத்தை விட்டுவிடுவார்களோ என்ற பதற்றத்தில் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பினேன்.

இரண்டே வரியில் பதில். பதினேழுக்கு மேல் இறங்கியிருக்கிறார்கள். கணக்கில் இல்லை.

“எல்லாருக்கும் போச்சுது அப்பா. இருபது பேருக்கும்,” என்றாள் மகள். “அதுக்கை என்ரை பேருக்குக் கீழை லைன் வேறை. சீரியஸ்லி?”

“நடந்ததைத்தானே பிள்ளை எழுதினனான்.”

“அனுப்பச் சொல்லி ஆர் அழுதது?”

மனைவி குசினிக்குள் இருந்து, “உந்தக் கொப்பியை இமிகிறேசனுக்கும் ஒருக்கா அனுப்பிவிடுங்கோ. சிற்றிசன்சிப்பையும் பறிக்கட்டும்,” என்றாள்.

எனக்கு ஆறவில்லை. அதே கோடையில் நடந்த இன்னொரு ஆட்டம் பட்டியலில் இருந்தது. அதிலும் இருபது பேர் இறங்கினார்கள் என்று மகளே சொன்னாள். அவளைக்கொண்டு அந்தக் குழுவிடம் தொலைபேசியில் கேட்பித்தேன். அதற்கு எழுத்தில் ஒன்றுமில்லையாம், ஆகவே பிழை பிடிக்க வழியில்லையாம். எழுதாதவர்களுக்கு இலக்கம். எழுதியவனுடைய பிள்ளைக்கு ஒன்றுமில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

அடுத்த கோடை, ஸ்காபரோவில் ஆட்டம். மறுபடியும் என் கையில் கொப்பி. வந்த பிள்ளைகளின் பெயர்வரிசையில் மறுபடியும் பதினெட்டாவது பெயர் மகளுடையது. இரண்டாம் பாதியில் பிள்ளைகள் களைத்துப்போனார்கள். கூடுவது ஒருத்திதானே, மற்றப் பக்கமும் சம்மதம் என்று சொல்லிக் கோச் என் மகளைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அவள் நேரே என்னிடம் வந்தாள்.

“பதினேழும் இறங்கிட்டுதா அப்பா?”

“ஓம்.”

“அப்ப நான் போகேல்லை.”

“நீ போ பிள்ளை. நான் எழுதேல்லை.”

அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். “நீங்களோ? எழுதாமலோ? ஒரு கிழமைக்கு நித்திரை கொள்ளமாட்டீங்கள். பிறகு அவங்களுக்கு நீங்களே போன் அடிச்சுச் சொல்லுவீங்கள்.”

பேனையை மூடினேன், திறந்தேன். அவள் போய் ஓரத்து வாங்கில் உட்கார்ந்து கடைசிவரை கைதட்டினாள்.

அந்த ஆட்டம் பட்டியலில் ஏறிவிட்டது. என் கொப்பி மிகவும் உதவியதாக நன்றிக் கடிதமும் வந்தது. பதினேழு பிள்ளைகளுக்கு இலக்கம். ரூஜ் பகுதியில் எங்கள் வீட்டு அலுமாரியில் மகளின் கனடாச் சட்டை தொங்குகிறது. அன்று அதைத் தோய்க்க வேண்டி வரவில்லை.