பேனரில் ஒரு கட்டம்

என் மூஞ்சியைப் பேனரில் போடச் சொல்லி, நானே போட்டோ எடுத்துக்கொண்டு போன முட்டாள் நான். மாமியார் வீட்டுக்கெல்லாம் முன்கூட்டியே சொல்லியும் வைத்திருந்தேன்.

ஜமுனாமரத்தூர் கடைத்தெருத் திருவிழாவுக்கு ‘நம் தெருவின் பெருமைகள்’ என்று பேனர் வைத்தார்கள். யாரைப் போடுவது என்ற முடிவை, அங்கே முன்பிருந்த டென்ட் கொட்டகையில் டிக்கெட் கிழித்தவரிடம் விட்டிருந்தார்கள். ஒல்லியான ஆள், காதில் பீடி. பட்டப்பகலிலும் முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் பேசுவார். எனக்கும் அடித்தார்.

“இன்னா வேணும்?”

“ஒரு கட்டம் காலியா இருக்குதாமே. நான் கதை எழுதறேங்க. பொறந்ததே இந்தத் தெருவுலதான்.”

“பிலிம் அறுந்தா எழுந்து நின்னு மீதிக் கதைய சொல்வானே, அவனப் போட்டாச்சி. மணலக் குவிச்சி மேல ஒக்காந்து, பின்னாடி இருக்கறவங்ககிட்ட ஒதை வாங்குவானே, அவனயும் போட்டாச்சி. கடைசிக் கட்டம் ஜெனரேட்டருக்கு.”

“மிஷினுக்கா? அதுல இன்னாங்க பெருமை?”

“அது நின்னா கொட்டாயே கத்தும்.”

“நான் நாலு புஸ்தகம் போட்டிருக்கேங்க,” என்று போட்டோவை நீட்டினேன்.

டார்ச்சை அணைத்தார்.

“நீ எழுதறத நிறுத்தினா யார்னா கத்துவாங்களா?”