சுண்டல் தின்னதும் வாரேன்

பெருந்துறை சிப்காட்டில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில், கீழ்த்தளத்துக் கோடி அறைக்கு 'குழந்தைகள் காப்பகம்' என்று போர்டு மாட்டியிருக்கிறது. யாரும் அப்படிச் சொல்வதில்லை. பால்வாடி என்பார்கள், இல்லையென்றால் 'கிருபாக்கா ரூம்' என்பார்கள்.

கிருபாவுக்கு நாற்பத்து நான்கு வயது. ஊர் வெள்ளகோவில் பக்கம். அப்பா அம்மா இருவரும் தோட்டங்காட்டில் கூலி வேலைக்குப் போனவர்கள். எட்டாவதோடு படிப்பு நின்றது. எங்கள் கம்பெனியில் ஒன்பது வருஷம் தரை கூட்டினார். இரண்டு வருஷத்துக்கு முன்பு காப்பக ஆயா திடீரென்று நின்றுவிட, 'இன்னிக்கு ஒரு நாள் பார்த்துக்க' என்று இவரை உள்ளே அனுப்பினார்கள். அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை.

அறையில் பிள்ளைகள் பதினொன்று, சிவப்பு சைக்கிள் ஒன்றே ஒன்று. நான்கு வயது அபிலாஷ் அதில் ஏறினால் இறங்க மாட்டான். வேறு யாராக இருந்தாலும் தூக்கி இறக்கிவிட்டிருப்பார்கள். கிருபா அவன் முன்னால் தரையில் உட்காருவார்.

"இன்னும் ஓட்டோணும்னு ஆசைங்களா சாமி? எறங்க மனசே வரலீங்களா?"

அவன் தலையாட்டுவான்.

"ரெண்டு சுத்தா, மூணு சுத்தா? நீங்களே சொல்லுங்க."

"மூணு!"

மூன்று முடிந்ததும் அவனே இறங்கி அடுத்த பிள்ளைக்குக் கொடுப்பான். இது நான் கண்ணால் பார்த்தது.

அப்படிப்பட்டவரையே மூன்று வயது சைத்ரா ஆட்டிவைத்துவிட்டாள். அவள் அம்மா மௌனிகா, மேல்மாடியில் புதிதாகச் சேர்ந்த டெய்லர். காலையில் பிள்ளையை விட்டுப் போனதும் ஆரம்பிக்கும் கத்தல் மெஷின் சத்தத்தையும் தாண்டி மேலே கேட்கும். சோறு உண்ண மாட்டாள். கதவோரமாகவே படுத்துக் கிடப்பாள். மணிக்கு ஒருமுறை மௌனிகா கீழே ஓடி வருவார். அவர் மெஷின் நின்றால் அந்த வரிசையே நிற்கும்.

மேனேஜர் கோவிந்தராஜுலு கிருபாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஒரு புள்ளைய அடக்க முடியல, பதினொண்ணை எப்படிப் பாக்கறே? மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அப்பறம் டிரெய்னிங் முடிச்ச டீச்சரைப் போட்டுக்கறேன். நீ பழையபடி சீமாறு எடுத்துக்க."

டீச்சர் தேவை என்ற விளம்பரத்தை, ஆபீஸ் கிளார்க்கான என்னைக் கம்ப்யூட்டரில் அடித்து வைக்கச் சொன்னார். அடித்து வைத்தேன். மாதம் முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது.

வெளியே வந்த கிருபா என் மேஜையருகே நின்றார். "சீமாறு எனக்குப் புதுசில்லீங்க தம்பி. ஆனா அந்த ரூமு வாசலைக் கூட்டிட்டு, உள்ள போகாமத் திரும்போணும் பாருங்க. அது ஆகாதுங்க."

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. அதனால் உடனே ஒரு யோசனை சொன்னேன்: செல்போனில் கார்ட்டூன் போட்டுக் கொடுப்போம், பிள்ளை பார்க்கிற நேரத்தில் அம்மா நைசாக நழுவட்டும். மறுநாள் செய்தோம். அம்மாவைக் காணோம் என்று தெரிந்ததும் சைத்ரா செல்போனை வீசிவிட்டு என் கையைக் கடித்தாள். என் டிகிரிக்கு அவள் போட்ட மார்க் இரண்டு நாள் கையில் தெரிந்தது. அதற்கு அடுத்த நாள் அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்தவள் விடவே இல்லை.

"கண்ணு அசந்தா அம்மா காணாமப் போயிரும்னு நாமளே சொல்லிக் குடுத்துட்டோமுங்க தம்பி," என்றார் கிருபா.

பிறகு அவரும் கதவோரம் போய் உட்கார்ந்துகொண்டார். அழாதே என்று சொல்லவில்லை, பொம்மை காட்டவில்லை. மூன்றாவது நாள் சைத்ராவே பேசினாள்.

"அம்மா வாரேன்னுச்சு."

"ஆமாங்க கண்ணு, சொன்னாங்க."

"வல்லே. வாரேன்னுட்டு அந்தப் பக்கம் போயிருச்சு."

கிருபா அப்படியே என்னிடம் ஓடி வந்து இதைச் சொன்னார். எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. வெளியே கிளம்புகிற யாரும் நம் பக்கத்தில் போறேன் என்று சொல்வதில்லை. வாரேன் என்போம். கேட்கிற பெரியவர்களுக்கு அது போகிற பேச்சு என்று தெரியும். மூன்று வயதுப் பிள்ளைக்கு வாரேன் என்றால் வாரேன்தான். தினமும் காலை எட்டரைக்கு அவளுடைய அம்மா வருவதாகச் சொல்லிவிட்டு, முதுகைக் காட்டிப் போய்க்கொண்டிருந்தார்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் கிருபா மௌனிகாவைப் பிடித்தார். "நாளைக்குப் போறேன்னு சொல்லிப்போட்டுப் போங்க அம்மணி."

"ஐயோ அக்கா! காலங்காத்தால யாராச்சும் போறேன்னு சொல்லுவாங்களா? எங்கூட்ல காதுல உழுந்தா என்னைத் தொலைச்சுப்போடுவாங்க. எங்க தெலுங்குலயும் ஒஸ்தா, வாரேன்னுதான் சொல்லுவோம்."

"அப்ப ரெண்டு பாஷையிலயும் புள்ளைய ஏமாத்தறோம்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். கிருபா கொஞ்சம் யோசித்தார். "போய்ட்டு வாரேன்னு சொல்லலாமுல்ல? அதுல குத்தமில்லீங்களே. அவசரத்துல முன்னால பாதிய நாம முழுங்கிப்போடறோம்."

"சொல்லலாந்தான்."

"எப்ப வருவீங்கன்னும் சொல்லோணும்."

"அஞ்சரைக்குன்னு சொல்றேன்."

"மணி அதுக்கென்னங்க தெரியும்? சுண்டல் தெரியும்."

காப்பகத்தில் மாலை ஐந்து மணிக்குச் சுண்டல். அரை மணியில் ஷிப்ட் விடும்.

மறுநாள் காலை மௌனிகா மண்டியிட்டு, பிள்ளையின் முகத்துக்கு நேராகச் சொன்னார்: "கண்ணு, அம்மா மேல தைக்கப் போய்ட்டு, நீங்க சுண்டல் தின்னதும் வாரேன்."

சைத்ரா அழுதாள். "அம்மா போறது புடிக்கலீங்களா கண்ணு? அழுவாச்சியா வருதுங்களா? அழுங்க, நான் இங்கியேதான் இருக்கறேன்," என்றார் கிருபா. அரை மணி நேரம் அழுதாள். மாலையில் கிண்ணம் காலியான கொஞ்ச நேரத்தில் அம்மா வாசலில் வந்து நின்றார். சைத்ரா கிண்ணத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மறுபடி கிண்ணத்தைப் பார்த்தாள்.

நான்கு நாளில் அழுகை பத்து நிமிஷமாகக் குறைந்தது. மதியச் சோறு இறங்கியது. சைக்கிளுக்குச் சண்டை போடும் அளவுக்குத் தெம்பும் வந்தது.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஒரு ஷிப்மென்ட் அவசரம் வந்து சேர்ந்தது. ஐந்து மணிக்கு மேனேஜர் எல்லோருக்கும் இரண்டு மணி நேரம் ஓவர்டைம் என்று அறிவித்தார். யாரும் சீட்டை விட்டு எழக் கூடாது. கீழே சைத்ரா சுண்டல் தின்றுகொண்டிருந்தாள்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னை உட்காரவைத்துவிட்டுக் கிருபா மாடி ஏறினார். கதவு திறந்திருந்ததால், படிக்கட்டில் அவர் மேனேஜரை நிறுத்திப் பேசியது எனக்கு நன்றாகவே கேட்டது.

"மௌனிகாவை அஞ்சு நிமிசம் உடுங்க சார்."

"லைன் நின்னுபோகும். அதெல்லாம் முடியாது."

"அவசரமுங்க, உங்களுக்கும் மனசு படபடன்னுதான் இருக்கும்." அபிலாஷிடம் பேசும் அதே குரல். "இப்ப அஞ்சு நிமிசம் உட்டா, ரெண்டு மணி நேரம் நிம்மதியாத் தைப்பாங்க. இல்லீன்னா நாளையிலிருந்து பழையபடி மணிக்கொருக்கா கீழ ஓடி வருவாங்க. எது வேணும்? நீங்களே சொல்லுங்க சார்."

 "அஞ்சே நிமிஷம்" என்றார் மேனேஜர்.

மௌனிகா படிகளில் தடதடவென்று இறங்கி வந்தபோது கிண்ணத்தில் இரண்டு கடலைதான் மீதி. "வந்துட்டே!" என்றாள் சைத்ரா.

"வந்துட்டேன் கண்ணு. இன்னுங் கொஞ்சம் தைக்கோணும். போய்ட்டு, வெளிய லைட்டெல்லாம் எரிஞ்சதும் வாரேன்."

சைத்ரா ஜன்னலைப் பார்த்து யோசித்தாள். "செரி."

பின்னாலேயே இறங்கி வந்திருந்த கிருபா சுவர்ப்பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

மாதக் கடைசி நாள் காலை எட்டரைக்கு மேனேஜரே காப்பக வாசலுக்கு வந்து கையைக் கட்டி நின்றார். மௌனிகா சொல்ல வேண்டியதைச் சொன்னார். சைத்ரா அழவில்லை. அம்மாவின் முழங்காலைப் பிடித்து வெளியே தள்ளி, "போய்ட்டு வாங்க," என்று கையாட்டினாள்.

மேனேஜர் ஒன்றும் பேசாமல் திரும்பினார்.

"சொல்லாமப் போறீங்க!"

சைத்ராதான். அவர் நின்றார்.

"போய்ட்டு வாரேன்," என்றார்.

"எப்ப?"

எந்தப் போனுக்கும் தடுமாறாத மனிதர் அங்கே தடுமாறினார். "சுண்டலுக்கு..."

ஆபீசுக்குள் நுழைந்ததும், "அந்த டீச்சர் விளம்பரத்தைக் கிழிச்சுப் போட்டுரு. வேற ஒண்ணு அடி," என்றார். அடித்தேன். 'காப்பகப் பொறுப்பாளர்: செ. கிருபா.' அவர் சொல்லாமலே பெயரை மட்டும் ஒரு சைஸ் பெரிதாக்கினேன்.

ஐந்து மணிக்கு அவர் காப்பகத்துக்கு வந்தார். கிருபா பாயில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

"கையக் கழுவிப்போட்டு வாரீங்களா சார், இல்ல ஸ்பூன் தரட்டுங்களா? நீங்களே சொல்லுங்க."

மேனேஜர் கை கழுவப் போனார்.