ஹார்லஸ் பேருக்கு விழுந்த மான்

ஹார்லஸ் அன்றைக்கு ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்த எல்க் மான் அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும். இதை அவன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டும் சொன்னேன். பாதிரியார் என்னை முறைத்தார். முறைத்தால் முறைக்கட்டும்.

ட்ரேஸ் ஓடைக் கரையில் அவன் வீட்டுக்கு அடுத்த வீடு என்னுடையது. அவன் நிலக்கரிக் கம்பெனியில் துளை போடும் இயந்திரம் ஓட்டியவன். மலை உச்சியில் வரிசையாகத் துளை போட வேண்டும். அதில் வெடி வைத்து உச்சியைப் பெயர்த்து, பக்கத்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டு, அடியில் இருக்கும் கரியை அள்ளுவார்கள். இருபத்திரண்டு வருஷம் அந்தப் பாறைத் தூளை மூச்சில் இழுத்தான். ஐம்பத்தெட்டு வயதில் மூக்கில் ஆக்சிஜன் குழாய். "மலைல பாதியக் கம்பெனி வித்துத் தின்னுடுச்சு, பர்ல். மிச்சம் என் நெஞ்சுக்குள்ளதான் இருக்கு" என்பான். சொல்லிவிட்டுச் சிரிப்பான். சிரித்தால் இருமல் வரும், இருமினால் அரை மணி நேரம் போகும்.

கரி தீர்ந்ததும் கம்பெனி மொட்டை மலையில் புல் விதையைத் தூவிவிட்டுக் கிளம்பிவிட்டது. அந்தப் புல்லை மேய்வதற்குத்தான் அரசாங்கம் மேற்கிலிருந்து லாரி லாரியாக எல்க் மான்களைக் கொண்டுவந்தது. ஒரு காலத்தில் எங்கள் மலையிலும் அவை இருந்தனவாம். கடைசி மானைச் சுட்டுத் தின்றவர்களும் எங்கள் ஆட்களாகத்தான் இருக்கும், வேறு யார் இருந்தார்கள் இங்கே? லாரிக் கதவைத் திறந்துவிட்ட அன்று ஊரே மலைமேல் நின்றது. முதல் மான் தயங்கித் தயங்கி இறங்கிப் புல்லில் மூக்கை வைத்தது. ஹார்லஸ் அப்போது நல்ல உடம்போடு இருந்தான். என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"நான் நாசம் பண்ண எடத்துல ஒரு உசுரு நிக்குதுடா."

"சரி, அழாத. எல்லாரும் பாக்குறாங்க."

"சாகறதுக்குள்ள இதுல ஒண்ணை அடிச்சு, எங்க வீட்டு மேசையில வெச்சுத் திங்கணும்டா."

"இப்பத்தானேய்யா அழுத? அதுக்குள்ள திங்கணுங்கற!"

"ரெண்டும் ஒண்ணுதான்டா, மடையா."

மான்கள் பெருகின. எங்கள் அவரைப் பந்தலை மிதித்தன, சோளத்தைத் தின்றன, வேலியைச் சாய்த்தன. ஹார்லஸின் மனைவி ருவீனா துடைப்பத்தோடு துரத்துவாள். அவ்வளவுதான் செய்ய முடியும், சுட்டால் ஜெயில். பல வருஷம் கழித்து ஒருவழியாக வேட்டைக்கு அனுமதி வந்தது. ஆறே நாள், பன்னிரண்டே பேர், குலுக்கல் முறை. நகரத்து டாக்டர், வக்கீல் என்று ஆயிரக்கணக்கானவர்கள் மனுப் போட்டார்கள். நாங்களும் போட்டோம். எங்கள் ஓடையில் ஒரே ஒருவன் பேர்தான் விழுந்தது. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஹார்லஸ் என் வீட்டு வாசல்வரை குழாயையும் சிலிண்டரையும் இழுத்துக்கொண்டு நடந்தே வந்தான். பேச மூச்சு இல்லை. கடிதத்தை மட்டும் நீட்டினான்.

நடக்க முடியாதவர்கள் நிறுத்திய வண்டியில் உட்கார்ந்தபடி சுடத் தனி அனுமதி உண்டு. அதற்கும் எழுதிப் போட்டு வாங்கினான். எல்லாவற்றையும் முறைப்படி செய்தான் பாவி.

ஒன்று சொல்ல வேண்டும். சாதாரண மான் வேட்டையில் எங்கள் ஊரில் யாரும் பேர் பார்ப்பதில்லை. அனுமதிச் சீட்டு வீட்டுக்கு வரும், வீட்டில் யாருக்குக் கை நிதானமோ அவர் சுடுவார். படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியார்கள் பேரில் இங்கே வருஷா வருஷம் மான் விழும். ட்ரேஸ் ஓடையில் ருவீனாவை மிஞ்சிச் சுட ஆளில்லை. நெஞ்சு கெட்டதிலிருந்து ஹார்லஸ் பேருக்கு விழுந்த மான் எல்லாம் அவள் சுட்டதுதான். அதை அவன் மறைத்ததும் இல்லை. கடையில் காபி குடிக்க வரும் வனவிலங்கு இலாகாக்காரரிடமே பீற்றிக்கொள்வான். அவரும் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். அப்புறம் இவனுக்கு எப்படி பயம் வரும்?

அக்டோபர் மாதம், விடிந்து கொஞ்ச நேரம். நான்தான் வண்டி ஓட்டினேன், ருவீனாவும் கூட வந்தாள். அவன் துளை போட்ட அதே மேட்டில் நிறுத்தினேன். பனி விலகியதும் ஒரு பெரிய ஆண் மான் தெரிந்தது. ஹார்லஸ் துப்பாக்கியை ஜன்னலில் வைத்துக் குறி பார்த்தான். அவன் மூச்சு இழுக்கும்போதெல்லாம் துப்பாக்கி முனை ஏறி இறங்கியது. இருமலை அடக்கினான், இன்னும் மோசமாக ஆடியது. மான் தலையைத் தூக்கிவிட்டது. திரும்பிக்கூடப் பார்க்காமல் துப்பாக்கியை ருவீனாவிடம் நீட்டினான்.

"நீ அடி."

"உன் பேருக்கு வந்ததுய்யா இது."

"என் பேரு என்ன, உன் பேரு என்ன? அடி, ஓடிரப் போவுது!"

ஒரே குண்டு. மான் ரெண்டு அடி வைத்து விழுந்தது. ஹார்லஸ் மறுபடி அழுதான், இந்தத் தடவை நானும்தான்.

ஓடைக்காரர்கள் வந்து தூக்கி ஏற்றினார்கள். இறங்கும்போது நான் படித்துப் படித்துச் சொன்னேன். "கீழ பேப்பர்காரங்க இருப்பாங்க. வாயத் தொறக்காத. கேட்டா நீதான் அடிச்ச."

"எனக்குத் தெரியாதாடா?"

அடித்த மானைப் பதிவு செய்ய மளிகைக் கடைக்கு முன்னால் இலாகாக்காரர்கள் கூடாரம் போட்டிருந்தார்கள். முதல் வேட்டை என்பதால் ஒரே கூட்டம். கொம்பை அளந்தார்கள், கை தட்டினார்கள், ஹார்லஸை நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி ஒலிப்பதிவுக் கருவியை நீட்டி, "சுட்டப்ப எப்படி இருந்துச்சு சார்?" என்று கேட்டாள்.

அவன் ருவீனா பக்கம் திரும்பினான். அவள் வண்டிக்குப் பின்னால், சட்டைக் கையில் ரத்தத்தோடு, யாரும் கவனிக்காமல் நின்றுகொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. காலை நீட்டி மிதிக்கப் பார்த்தேன். நடுவில் மேசை.

"என்னை ஏம்மா கேக்குற? அதோ நிக்குறா பாரு, அவளக் கேளு. ஒரே குண்டு!"

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை, அளவு நாடாவைக் கீழே வைத்தார். கடையில் காபி குடிக்க வரும் அதே இலாகாக்காரர்தான். கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். குனிந்து மெதுவாகக் கேட்டார்: "ஹார்லஸ், தமாஷுக்குத்தானே சொன்ன? அடிச்சது நீதானே? இது பன்னெண்டு பேருக்கு மட்டும் குடுத்தது. மேல இருந்து ஆளுங்க வந்திருக்காங்க. யோசிச்சுச் சொல்லு."

கதவைத் திறந்தே வைத்தார் மனுஷன். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும்.

"அவ அடிச்சத நான் அடிச்சேன்னு சொல்லணுமா? முப்பத்தாறு வருஷத்துல ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்ல. இன்னைக்கும் சொல்ல மாட்டேன்."

அட முட்டாளே! அவ்வளவுதான், எல்லாம் போயிற்று. மானை எடுத்துக்கொண்டார்கள். ருவீனாவின் அப்பா கொடுத்த துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டார்கள். இனி ரெண்டு பேரும் வேட்டைக்கு மனுப் போடவே கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். எங்கள் மலையை உடைத்துத் தள்ளிய கம்பெனிக்காரனிடம் யாரும் இப்படிக் கையெழுத்து வாங்கி நான் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில் ருவீனா கேட்டாள். "ஏன்யா சொன்ன?"

"நீ அங்க தனியா நின்னுட்டு இருந்த."

அவள் அவன் குழாயைச் சரிசெய்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜனவரியில் அவன் போய்ச் சேர்ந்தான். கடைசி வாரம் வரைக்கும் அந்தக் கறியைப் பற்றியே பேச்சு, எப்படிச் சமைத்திருக்கலாம் என்று. அடக்கம் முடிந்து, ஏழைகளுக்குச் சமைத்துப் போடும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் சாப்பாடு. அவரை, சோள ரொட்டி, ஒரு பெரிய அண்டாவில் கறிக் குழம்பு. நான் சமையல் கட்டுக்குள் தண்ணீர் எடுக்கப் போனேன். ஃப்ரீசரிலிருந்து எடுத்த அட்டைப் பெட்டி குப்பையில் கிடந்தது. மேலே சீட்டு: எல்க், பறிமுதல், ஏழைகள் சமையலறைக்கு நன்கொடை, அக்டோபர். அந்த வருஷம் பறிமுதலானது ஒரே ஒரு மான்தான்.

பெட்டியை மடக்கி அடியில் திணித்துவிட்டு வந்தேன். ருவீனாவுக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தேன். அவள் ஏற்கெனவே ஒரு வாய் எடுத்து மென்றுகொண்டிருந்தாள்.

"மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்க, பர்ல்? வாய்ல வெச்சதுமே தெரிஞ்சுருச்சு. அவன் உசுரோட இருந்தப்ப தர மாட்டேன்னாங்க. செத்ததுக்குப் போடுறாங்க."

நான் என் தட்டைத் தள்ளிவைத்தேன். அவள் தட்டில் இருந்த அத்தனையையும் தின்றாள், ரொட்டியால் துடைத்துத் தின்றாள். அப்புறம் எழுந்து வரிசையில் இருந்தவர்களைத் தள்ளிக்கொண்டு அண்டாவுக்குப் போய்த் தட்டை நீட்டினாள்.

"இன்னொரு கரண்டி ஊத்து," என்றாள் பரிமாறியவளிடம். "நான் அடிச்ச மான்."