ஓம் என்று மட்டும் சொன்ன பெரியவர்

காலை ஆறரைக்குக் கொக்குவிலில் ரயில் ஏறினேன். போகும் இடம் சாவகச்சேரி. யாழ்ப்பாணம் தாண்டினால் பத்து மைல்தான். பிள்ளைகளே, உங்கள் அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் அற்றென்டன் வேலை. நோயாளியைக் குளிப்பாட்டுவது, கட்டில் துடைப்பது, வண்டிலில் வைத்துத் தள்ளுவது. அப்படிப்பட்ட எங்களுக்கும் அங்குள்ள ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வகுப்பு வைத்திருந்தார்கள்.

நாவற்குழிப் பாலத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர் வெயிலில் மின்னியது. எதிரே கூடையோடு இருந்த சந்தைக்காரி எங்கே, எதற்குப் போகிறேன் என்று விசாரித்தாள். சொன்னேன்.

"கட்டில் துடைக்கவும் படிப்போ அண்ணை? சோதினையும் வைப்பினமோ?"

"ஓம் தங்கச்சி, பெயில் விட்டால் உங்கடை கூடை தூக்க வாறன்."

பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

எட்டு மணிக்கு வகுப்பு. படிப்பித்தவர் மூத்த தாதி ஒருவர். மிஸ்ஸி என்றுதான் அழைத்தோம். வயதானவர்களின் தடுமாற்றத்தில் இரண்டு விதம் உண்டு என்றார். ஒன்று மாதக்கணக்காக, வருடக்கணக்காக மெல்ல மெல்லக் கூடும் மறதி. மற்றது, நேற்று நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்புவது. அப்படியானால் உடம்பில் எங்கோ நோய் இருக்கிறது, உடனே சொல்ல வேண்டும். சத்தம் போடுகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள், பேசாமல் கிடக்கிறவரைத்தான் தவறவிடுவோம் என்றும் சொன்னார்.

பத்து மணிக்கு வாட்டுக்குப் போனோம். கால் புண்ணுக்காக முதல்நாள் வந்த பலாப்பழ வியாபாரி ஒருவர் அமைதியாகப் படுத்திருந்தார். வீட்டுக்குக் கூட்டிப்போக மகன் வாடகைக் காரோடு வந்து நின்றான். மிஸ்ஸி என்னைக் கதைத்துப் பார்க்கச் சொன்னார்.

"அப்பு, சாப்பிட்டியளோ?"

"ஓம்."

"நல்லாய் நித்திரை கொண்டியளோ?"

"ஓம்."

"நல்ல மனிசன் மிஸ்ஸி. ஒரு கரைச்சலும் இல்லை" என்றேன்.

மிஸ்ஸி சிரிக்கவில்லை. "ஓம் எண்டு முடிக்கக்கூடின கேள்வியையே கேட்டால் வேறை என்ன சொல்லுவார்? பெரியவரைத் துருவிக் கேக்கப்படாது எண்டு மரியாதை பாக்கிறியள். அது இஞ்சை சரிவராது."

குனிந்து கேட்டேன். "என்ன சாப்பிட்டியள் அப்பு?"

"ஓம்."

"உதிலை நிக்கிறது ஆர்?"

மகனையே பார்த்தார். "ஓம்" என்றார்.

மகனின் முகம் மாறிவிட்டது. "வயது போனால் உப்பிடித்தானே மிஸ்ஸி? நான் வீட்டை கொண்டுபோய்ப் பாக்கிறன்."

காலையில் படித்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "தம்பி, முந்தநாள் எப்பிடி இருந்தவர்?"

"முந்தநாளோ? பழத்தைக் குறைச்சுக் கேட்டவனை, அவன்ரை பரம்பரையையும் சேர்த்தெல்லோ பேசினவர்!"

"அப்ப இது வயது இல்லை" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. மிஸ்ஸி பெரியவரின் அடிவயிற்றைத் தொட்டார். கல்லுப்போல் இருந்தது. சலம், அதுதான் சிறுநீர், போகாமல் அடைபட்டுக் கிடந்தது, காய்ச்சலும் தொடங்கியிருந்தது. டொக்டர் வந்தார், குழாய் போட்டார்கள். கார் வெறுமனே திரும்பிப் போனது. மகன் போகவில்லை.

மறுநாள் மாலை வகுப்பு முடிந்ததும், அவரைப் பார்க்காமல் ரயிலேற மனம் வரவில்லை.

"என்ன சாப்பிட்டியள் அப்பு?"

"அதுக்குச் சாப்பாடு எண்டோ பேர்? சொதிக்குத் தேங்காயைக் காட்டிப்போட்டு எடுத்திட்டாங்கள்!"

"சும்மா இரணை அப்பா" என்று மகன் அதட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது.

இதைக் கொக்குவிலுக்குத் திரும்பும் ரயிலில் இருந்து எழுதுகிறேன். பிள்ளைகளே, எனக்கும் ஒரு நாள் வயது போகும். நேற்றுவரை உங்களை ஏசிக்கொண்டிருந்த அப்பா இன்றைக்கு எல்லாவற்றுக்கும் ஓம் என்றால், அப்பா திருந்திவிட்டார் என்று சந்தோஷப்படாதீர்கள். டொக்டரைக் கூப்பிடுங்கள்.