பன்னிரண்டாவது இலை

அந்த வாரம் எங்கள் தெருவில் ஏழை ஒருவர்கூட இல்லை. இருந்திருந்தால் இன்னாசிமேரி அக்கா கண்டுபிடித்திருப்பாள். அப்படித் தேடினாள்.

தேடியதற்குக் காரணம் உண்டு. அவள் வீட்டுக்காரர் மிக்கேல் அண்ணன் லாரி டிரைவர். போன சித்திரையில் லோடுக்கு மேலே ஏறித் தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து கீழே விழுந்துவிட்டார். வலது கால் எலும்பு முறிந்து, புண் சீழ் பிடித்து, காலையே எடுக்க வேண்டிவரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே அக்கா அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டாள். கால் பிழைத்தால், அவருக்கு உகந்த ஒரு செவ்வாய்க்கிழமையில் பன்னிரண்டு ஏழைகளை உட்காரவைத்துத் தன் கையால் சமைத்துச் சோறு போடுவதாக. கால் பிழைத்தது. பொங்கல் கழிந்ததும், வியாழக்கிழமை நாக்பூர் லோடுக்கு வரச் சொல்லி ஓனர் போன் செய்தார். நேர்ச்சையை முடிக்காமல் வண்டியில் ஏறவே கூடாது என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். ஆக, கையில் இருந்தது அந்த ஒரு செவ்வாய்தான்.

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அஸ்தம்பட்டியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவளுக்கு ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை. கைமணம் தெருவே அறிந்தது, வாய்க்காரமும் அப்படித்தான். ஆனால் யாரிடமும் எதையும் கேட்டு வாங்கமாட்டாள். உறைமோர் தீர்ந்துபோனால் மறுநாள் தயிரில்லாமல் சாப்பிடுவாள். பக்கத்து வீட்டில் நான் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், ஒரு கரண்டி கேட்கமாட்டாள். எனக்கு இதில் தீராத கோபம் உண்டு.

முதலில் அந்தோணியார் கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களைத்தான் கேட்டாள். அந்தச் செவ்வாய்க்கு வேறு இடத்தில் பிரியாணி போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அடுத்த வாரம் வருகிறோம் என்றார்களாம். பிறகு தெருமுனையில் இஸ்திரி போடும் மாரியப்பனிடம் போனாள்.

"ஏழைங்களுக்குச் சோறு போடறேன். செவ்வாக்கெழம வந்துருங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நானுங்களா ஏழை? பெரியவன் பெங்களூர்ல வேலையில இருக்கான். சின்னவன் இன்ஜினியரிங் படிக்கறான். கீரக்காரம்மாவப் போயிக் கேளுங்க."

கீரை விற்கும் பெருமாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கென்ன சாமி கொறச்சல்? கையுங்காலும் நல்லாருக்குது. அந்த ஏடிஎம் வாட்ச்மேன்தான் பாவம், அவரக் கூப்புடு."

வாட்ச்மேன் அருணகிரி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "எனக்கு மில்லு பென்சன் வருதும்மா. ஊட்ல மருமககிட்டப் பேச்சு வாங்க முடியாம இங்க வந்து உக்காந்திருக்கேன். பார்க்கப்போனா உங்க ஊட்டுக்குத்தான் யாராச்சும் சோறு போடோணும். அந்த மனுசன் இத்தன மாசமாப் படுத்துக் கெடந்தாரில்ல?"

அக்கா நேராக என் வீட்டுக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது. "என்னையப் பார்த்து ஏழைங்கறாரு, பிரபா!"

சிரிக்கக் கூடாதுதான், சிரித்துவிட்டேன். "நீங்க போயிச் சொன்னப்ப அவங்களுக்கு எப்படிக்கா இருந்திருக்கும்?"

சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். அழுதாள். "பன்னெண்டு பேரு கெடைக்கலீன்னா அவரு வண்டி ஏறக் கூடாது. மீறி ஏறுனா, திரும்பி வர்ற வரைக்கும் என் உசுரு எங்கிட்ட இருக்காது." அந்தப் பயம் எனக்கும் புரிந்தது. கையைப் பிடித்து அவள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனேன்.

மிக்கேல் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து எல்லாம் கேட்டுக்கொண்டார். "நீ கூப்புட்டது யார யாருன்னு தெரியுமா மேரி? ஆப்பரேசன் அன்னிக்கு எனக்கு ரத்தம் குடுத்தது மாரியப்பனோட சின்னப் பையன். தெனமும் கேட்டுல முருங்கக்கீரை மாட்டியிருந்துச்சே, இந்தப் பிரபாதான் மாட்டறாள்னு இவகிட்ட நீ முறைச்சுக்கிட்டியே, அது பெருமாயி. நீ வேலைக்குப் போனதும் வந்து என்னையக் கைத்தாங்கலா பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போனது அருணகிரி அண்ணன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"சொல்லியிருந்தா அன்னிக்கே போயி எதையாச்சும் திருப்பிக் குடுத்துட்டு வந்திருப்பே. அவங்க மனசு நொந்துருக்கும்."

"ஏழைக்குன்னுதானுங்களே நேந்தேன்?" என்றாள் அக்கா.

"நீ அவங்களக் கூப்புடு. அந்தோணியார்கிட்ட நான் பேசிக்கறேன்."

திங்கட்கிழமை சாயங்காலம் மறுபடி கிளம்பினாள். வேடிக்கை பார்க்கும் ஆசையில் நானும் கூடப் போனேன். மாரியப்பன் முன்னால் போய் நின்றவளுக்கு வார்த்தை லேசில் வரவில்லை. "உங்க பையன் ரத்தந்தான் எங்க ஊட்டுக்காரர் ஒடம்புல ஓடுதுன்னாங்க. எனக்குத் தெரியாமப் போச்சுங்க. நாளைக்குக் குடும்பத்தோட சாப்புட வாங்க." மாரியப்பன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். சட்டை கருகும் வாசம் வந்த பிறகுதான் பெட்டியை எடுத்தார். எனக்கு வேடிக்கை பார்க்கும் ஆசை போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை கறிக்குழம்பு வைக்கப் போனாள். வருகிற பாதிப் பேர் செவ்வாயன்று கவுச்சி தொடமாட்டார்கள் என்று நான்தான் தடுத்தேன். கத்திரிக்காய் சாம்பார், மொச்சைப் பொரியல், ரசம், பாயசம். நேர்ச்சை நாள் என்று விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் சமைத்தாள். நான் கூடமாட நின்றேன். ஆட்களும் வந்தார்கள். பெருமாயி தன் மகளையும் இரண்டு பேத்திகளையும் கூட்டிவந்தாள். அருணகிரி, பேச்சு வாங்குகிற அதே மருமகளையும் சேர்த்துக் குடும்பமாக ஐந்து பேராக வந்தார். மாரியப்பனும் மனைவியும் வந்தார்கள், ரத்தம் கொடுத்த பையன் மட்டும் வரவில்லை. கல்லூரியில் பரீட்சையாம்.

கடைசி இலை காலியாக இருந்தது. அக்கா வாசலுக்கு ஓடித் தெருவைப் பார்த்தாள். மத்தியான வெயிலில் ஈ காக்கை இல்லை. "பதினொண்ணோட நின்னுபோச்சே" என்று நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பெருமாயி இலையை விட்டு எழுந்து வந்தாள். அக்காவைத் தோளோடு பிடித்து அழைத்துப்போய் அந்தக் காலி இலைக்கு முன்னால் உட்காரவைத்தாள். "இன்னிக்கு இந்தத் தெருவுல வெறும் வயித்தோட கெடக்கறது நீ ஒருத்திதான் சாமி. உக்காரு. பன்னெண்டு ஆயிருச்சு."

அக்கா எழப் பார்த்தாள். அதற்குள் நான் எல்லா இலையிலும் சோறு வைத்துவிட்டேன். மிக்கேல் அண்ணன் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டார். கால் தேறிய பிறகும் பழக்கத்தில் சுவரைப் பிடித்தபடிதான் நடப்பார். அன்று சுவர்ப் பக்கமே போகவில்லை. வலது காலை நன்றாக ஊன்றி, ஒவ்வொரு இலையாக ஊற்றிக்கொண்டே வந்தார். பந்தியில் யாரும் சோற்றில் கை வைக்கவில்லை. அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசி இலைக்கு வந்து, குனிந்து, ஒரு கரண்டி ஊற்றினார். அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அவள் துடைக்கவில்லை. பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டாள். பிறகு தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க" என்று கேட்டாள்.