கொளுக்கி போட்டாச்சோ?

போன வருடம் ஆவணி மாதம். வேலணையிலிருந்து புங்குடுதீவுக்கு வருகிற கடற்பாலத்தில் நடந்தது இது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்த மாதிரியே சொல்கிறேன்.

நான் இருப்பது புங்குடுதீவில், மடத்துவெளியில். தண்ணீர் ஏற்றுவது என் தொழில். எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் உப்பு. உடுப்புத் தோய்க்கலாம், குளிக்கலாம், குடிக்க ஏலாது. குடிதண்ணீர் வேலணையில் இருக்கிற ஒரு நல்ல கிணற்றிலிருந்து வரவேண்டும். என் கணவர் அதற்கென்று ஒரு லாண்ட் மாஸ்டர் வாங்கினார். இரண்டு சில்லு உழவு மெசின். பின்னால் பெட்டி பூட்டி, அதில் ஒரு பிளாஸ்டிக் தாங்கி வைத்துத் தண்ணீர் ஏற்றினார். அவர் இறந்த பிறகு மெசினை விற்கச் சொன்னார்கள். விற்றுவிட்டு என்ன செய்வது? நானே ஏறி ஓட்டினேன். முதலில் சிரித்தார்கள். பிறகு தண்ணீர் பிந்தினால் ஏசினார்கள். அதோடு நான் டிரைவர் ஆகிவிட்டேன்.

லாண்ட் மாஸ்டருக்கு ஸ்டியரிங் வட்டம் இல்லை. மாட்டுக் கொம்பு மாதிரி இரண்டு நீளக் கைபிடி. ஒவ்வொரு பிடிக்கும் கீழே ஒரு லீவர். வலது லீவரை அமத்தினால் வலது சில்லு சும்மா நிற்கும், இடது சில்லு இழுக்கும், மெசின் வலப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் இது தலைகீழ். பெட்டி பின்னால் தள்ளுகிறபோது வலதை அமத்தினால் இடப்பக்கம் ஓடும். அதை யோசித்துச் செய்ய நேரம் இல்லை. கை செய்யும். பிரேக்குக்குக் கால்மிதி ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு மிதிக்கலாம். ஆனால் கவனம் கொஞ்சம் பிசகினாலும் பெட்டி தள்ளி மெசினை மடக்கிப் போட்டுவிடும். ஏறினதிலிருந்து இறங்கும் வரைக்கும் உடம்பு முழுக்க வேலை செய்துகொண்டிருக்கும்.

வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர் சேர்ந்து ஊர்ச் சங்கத்துக்கு ஒரு பெரிய உழவு மெசினும், அதற்குப் பின்னால் பூட்டித் தண்ணீர் ஏற்ற ஒரு இரும்புப் பவுசரும் வாங்கிக் கொடுத்தார்கள். நாலு சில்லு மெசின். ஓட்ட ஆள் வேண்டும். சங்கச் செயலாளர் என்னைக் கேட்டார். அதற்குரிய லைசன் எடுத்தேன். ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும், சரிவந்தால் வேலை எனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று முடிவு செய்தார்கள். பவுசர் வந்தபிறகு என் சின்னத் தாங்கியை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். இந்த வேலை கிடைக்காவிட்டால் எனக்கு வேலையே இல்லை.

அந்த வேறு ஆள் யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். வேலணையில் பெரிய மெசினில் வயல் உழுகிற ஒரு அண்ணை. எங்கள் ஊரில் கலியாணம் செய்தவர். மெசின் ஓட்ட எனக்குப் பழக்கியதும் அவர்தான். வெறுங்காணியில் சுற்றிச் சுற்றி ஓடவிட்டார். அவர் பக்கத்தில், பின்சில்லுக்கு மேலே இருக்கிற மட்கார்டில் இருந்தார்.

"தங்கச்சி, வட்டத்தை ஏன் இப்பிடி இறுக்கிப் பிடிக்கிறீர்? அது ஓடித் தப்பாது. விடும்."

"விட்டா எங்க போகும்?"

"நேர போகும். நாலு சில்லு எல்லே."

விட்டேன். நேரே போனது. எனக்கு அது பிடிக்கவில்லை. உயரமான கதிரையில் சும்மா இருக்கிற மாதிரி இருந்தது. கைக்கு வேலை இல்லை. கீழே மெசின் என்ன செய்கிறது என்று உடம்புக்குத் தெரியவில்லை.

பிறகு பிரேக்கைக் காட்டினார். வலது காலுக்கு இரண்டு மிதி, பக்கத்தில் பக்கத்தில். ஒன்று இடது பின்சில்லைப் பிடிக்கும், மற்றது வலது பின்சில்லைப் பிடிக்கும். இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க ஒரு கொளுக்கி இருக்கிறது. அதைத் தூக்கிவிட்டு ஒரு மிதியை மட்டும் மிதித்தால் மெசின் நின்ற இடத்திலேயே சுழலும். வயல் மூலையில் திருப்புவதற்கு அப்படி வைத்திருக்கிறார்கள். நான் செய்து பார்த்தேன். சுழன்றது. அப்போதுதான் இது எனக்குத் தெரிந்த மெசின் மாதிரி இருந்தது. ஒரு பக்கத்தைப் பிடித்து மறுபக்கத்தால் திரும்புவது. லாண்ட் மாஸ்டர் செய்கிறதும் அதைத்தான்.

"இது வயலுக்கு மட்டும்," என்றார் அண்ணை. "ரோட்டில ஏறேக்க கொளுக்கியைப் போடவேணும். போடாமப் பிரேக் பிடிச்சீரோ, கொண்டுபோய்ப் போட்டிடும்."

"எங்க போடும்?"

"அது போட்டாப் பிறகுதான் தெரியும்."

வேலணையில் தண்ணீர் எடுக்கிற கிணற்றடி ஒடுக்கம். பவுசரோடு திருப்புவதென்றால் முன்னுக்கும் பின்னுக்கும் பலதரம் எடுக்கவேண்டும். நான் அப்படிச் செய்யவில்லை. கொளுக்கியைத் தூக்கி, ஒரு மிதியில் திருப்பினேன். ஒரே வீச்சில் திரும்பியது. நின்றவர்கள் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது எனக்குப் பிடித்தது என்பதையும் சொல்லவேண்டும். ஒவ்வொரு நாளும் அப்படித்தான் திருப்பினேன். திருப்பி முடிந்ததும் கொளுக்கியைப் போடுவேன்.

அன்றைக்குக் கிணற்றடியில் கரண்ட் இல்லை. பம்ப் ஓட நேரமாகிவிட்டது. ஊரில் தண்ணீர் முடிந்து எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த நாள். செயலாளர் இரண்டு மூன்று தரம் ஃபோன் எடுத்துவிட்டார். பவுசர் நிரம்பி, திருப்பிக்கொண்டிருக்கிற நேரம் திரும்பவும் ஃபோன். எடுத்து, "வெளிக்கிட்டிட்டன்" என்று சொன்னேன். அதே நேரம் வாசல் படலையடியில் நின்று மீன்கார அக்கா கூப்பிட்டார்.

அவர் எங்கள் ஊர்க் கரையில் மீன் எடுத்து, வேலணையில் வீடு வீடாக விற்கிறவர். பஸ் பிந்தினால் என்னோடு வருவார். வெறும் சட்டியோடு இடப்பக்க மட்கார்டில் ஏறி இருந்தார்.

"நிண்டு நிண்டு கால் செத்துப் போச்சு. எடு பிள்ளை."

எடுத்தேன். கொளுக்கியைப் போடவில்லை.

பாலத்தில் தென்மேற்குச் சோளகக் காற்று நல்ல வேகம். இரண்டு பக்கமும் கடல், நடுவில் ரோடு. அக்கா முந்தானையால் காதை மூடிக்கொண்டு, அன்றைக்கு மீனை விலை கேட்டுவிட்டு வாங்காமல் போன பெண்களை ஒவ்வொருவராக ஏசிக்கொண்டு வந்தார். நான் கேட்டுக்கொண்டு வந்தேன். மெசின் நேரே போய்க்கொண்டிருந்தது. கைக்கும் வேலை இல்லை, காலுக்கும் வேலை இல்லை.

எதிரே யாழ்ப்பாணம் போகிற பஸ் வந்தது. ரோட்டில் ஒரு பெரிய பள்ளம். அதற்கு விலத்தி பஸ் என் பக்கம் வந்தது. அவ்வளவுதான். விலத்திவிட்டு அது தன் பக்கம் போயிருக்கும். ஆனால் என் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. லாண்ட் மாஸ்டரில் மிதிக்கிற மாதிரி, பார்க்காமல் மிதித்தது. இரண்டு மிதியில் இடது மிதியில் மட்டும் விழுந்தது.

இடது பின்சில்லு நின்றது. மெசின் கடல் பக்கம் திரும்பியது. வட்டத்தை வலப்பக்கம் வெட்டினேன். முன்சில்லு திரும்பியதே தவிர, மெசின் திரும்பவில்லை. பின்னால் பவுசர் தள்ளியது. அந்தத் தள்ளல் எனக்குத் தெரியும். பெட்டி தள்ளினால் பிரேக்கை விடவேண்டும். அதையும் கால்தான் செய்தது. சில்லு கல்லில் ஏறியது, எஞ்சின் இருமி நின்றது, எல்லாம் நின்றது.

இடது முன்சில்லு ரோட்டில் இல்லை. கரைக்கல்லுக்கு அப்பால் காற்றில் நின்றது. பின்சில்லு கல்லின் மேல் ஏறி நின்றது. அக்கா இருந்த மட்கார்டுக்குக் கீழே ரோடு இல்லை, கல்லும் கடலும்தான். அவருக்கு ஒரு கை கம்பியில், ஒரு கை சட்டியில்.

"மாதாவே," என்று மெல்லச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "இருக்கவோ, இறங்கவோ?"

"ஆடாம இருங்கோ அக்கா."

மெசின் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டிருந்தது. திரும்பவும் பிரேக்கை மிதிக்கக் கீழே பார்த்தேன். அப்போதுதான் கொளுக்கி தூக்கினபடி இருந்ததைக் கண்டேன். இரண்டு மிதியையும் சேர்த்து மிதித்தேன். சரிவது நின்றது. காலை எடுக்காமல், "இப்ப எனக்குப் பின்னால ஊர்ந்து அந்தப் பக்கத்தால இறங்குங்கோ," என்றேன். அவர் சட்டியை விடவில்லை. சட்டியோடு ஊர்ந்தார். மெசின் கிறீச்சென்றது. இறங்கிவிட்டார். இறங்கி ரோட்டில் குந்திக்கொண்டார்.

பஸ் எங்களைத் தாண்டிப்போய் நின்றது. ஆட்கள் இறங்கி ஓடிவந்தார்கள். பாதிப்பேர் எங்கள் ஊர். டிரைவர் இளம் ஆள். கீழே குனிந்து சில்லைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அக்கா, என்ர பிழையோ உங்கட பிழையோ பிறகு பாப்பம். பஸ்ஸால பின்னுக்கு இழுத்துத் தாறன். ஆனா இந்தப் பாரத்தோட ஏலாது. தண்ணியைத் திறந்து விடவேணும்."

நான் ஊர்க்காரரைப் பார்த்தேன். அவர்கள் பவுசரைப் பார்த்தார்கள்.

"திறவுங்கோ," என்றேன்.

கொண்டக்டர் போய்ப் பெரிய வால்வைத் திறந்தார். நல்ல தண்ணீர் ரோட்டில் விழுந்து, கல்லுக்குள்ளால் ஓடி, கடலுக்குப் போனது. நான் மிதியில் காலை வைத்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் வந்தவர்கள் போத்தல்களைக் கொண்டுவந்து பிடித்தார்கள். ஒருவர் வீட்டுக்கு ஃபோன் எடுத்தார்.

"இண்டைக்குத் தண்ணி வராது. கடலுக்குள்ள போகுது. ஓம், கடலுக்குள்ள. பகிடி இல்லையடி, கண்ணுக்கு முன்னால போகுது."

மீன்கார அக்கா எழும்பிப் போனார். சட்டியை நாலைந்து தரம் அலசி ஊற்றிவிட்டு, நிறையப் பிடித்துப் பக்கத்தில் வைத்தார்.

"மீன் மணக்கும். குடிக்கிறவை குடிக்கட்டும்."

கடலில் வலை போட்டுக்கொண்டு நின்றவர்களிடம் கயிறு வாங்கிக் கட்டினார்கள். பஸ் இழுத்தது. பவுசரும் மெசினும் பின்னுக்கு வந்து ரோட்டில் நின்றன. கம்பி ஒன்று வளைந்ததைத் தவிர வேறு சேதம் இல்லை. நான் கொளுக்கியைப் போட்டேன். அக்காவைக் கூப்பிடவில்லை. அவராகவே வந்து, இந்தமுறை வலப்பக்கத்தில் ஏறி, சட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

ஊரில் முதல் வீட்டுக்காரி குடத்தோடு நின்றாள். அக்கா சட்டித் தண்ணீரை அதில் ஊற்றினார். ஊர் முழுவதுக்கும் அன்றைக்குப் போய்ச் சேர்ந்தது அவ்வளவுதான். அவள் மோந்து பார்த்தாள். உள்ளே கொண்டுபோனாள்.

பின்னேரம் சங்கத்தில் கூடினார்கள். நான் கதவடியில் நின்றேன். செயலாளர் என்ன நடந்தது என்று கேட்டார்.

"கொளுக்கி போட மறந்து போனன்," என்றேன்.

லாண்ட் மாஸ்டர் வேறு, இது வேறு என்று ஒருவர் சொன்னார். அது சரிதான். செயலாளர் அங்கே வந்திருந்த அண்ணையைப் பார்த்து, "இந்த வேலையை நீர் எடுக்கிறீரோ?" என்றார்.

"தந்தா எடுப்பன்," என்றார் அண்ணை. என்னைப் பார்க்காமல் சொன்னார். எனக்கு அவரில் கோபம் வரவில்லை. கேட்டால் அப்படித்தானே சொல்வார்.

மெசினில் இருந்தவர் என்று மீன்கார அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் ஒரு சொல் சொன்னால் என் வேலை முடிந்தது. செயலாளர் கேட்டார்.

"நான் என்னத்தைச் சொல்ல. பஸ் பக்கம் திரும்பியிருந்தா நான் இதில வந்து நிண்டிருக்க மாட்டன். கடல் பக்கம் திரும்பினது. கடல் எனக்குப் பழக்கம்."

ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு எத்தினை மணிக்கு எடுக்கிறாய்? வெயில் ஏற முந்திப் போனாத்தான் என்ர மீன் போகும்."

நான் செயலாளரைப் பார்த்தேன். அவர் தாடையைத் தடவினார். "விடிய எடும்," என்றார். "மாத முடிவில பாப்பம்."

வெளியே வரும்போது அண்ணை பக்கத்தில் நடந்து வந்தார். "கிணத்தடியில கொளுக்கியைத் தூக்கிற பழக்கத்தை விடும் தங்கச்சி. முன்னுக்கும் பின்னுக்கும் எடுத்துத் திருப்பும். நேரம் போனாப் போகட்டும்," என்றார். நான் தலையாட்டினேன்.

அடுத்த நாள் விடிய அக்கா சந்தியில் மீன் சட்டியோடு நின்றார். ஏறுவதற்கு முன்பு பிரேக் மிதிகளை எட்டிப் பார்த்தார்.

"கொளுக்கி போட்டாச்சோ?"

"ஓம்."

"அப்ப சரி. எடு."

வேலை இன்றைக்கும் என்னிடம்தான் இருக்கிறது. கிணற்றடியில் இப்போது முன்னும் பின்னும் எடுத்துத்தான் திருப்புகிறேன். நின்று பார்க்கிறவர்கள் இல்லை. பின்னால் காத்திருக்கிறவர்கள் முறைக்கிறார்கள். லாண்ட் மாஸ்டர் வீட்டில் நிற்கிறது. விறகு ஏற்ற எடுப்பேன். அதில் ஏறினால் கையும் காலும் தாங்களாக வேலையைத் தொடங்கிவிடும். அதிலிருந்து இறங்கி மற்றதில் ஏறும்போது கொஞ்ச நேரம் ஸ்டார்ட் பண்ணாமல் இருப்பேன்.

மட்கார்டில் ஏறுகிற எல்லோரும் இப்போது அக்காவின் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஐயர் கேட்டார், தபால்காரர் கேட்டார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டில் நின்று கத்திக் கேட்கிறார்கள். பகிடிக்குத்தான். நான் ஓம் என்று சொல்லிவிட்டு, போட்டது தெரிந்திருந்தும் ஒருதரம் குனிந்து பார்க்கிறேன். என் காலுக்கு எல்லாம் தெரியும் என்று நான் நம்பியிருந்த நாளில்தான் ஊர்த் தண்ணீர் கடலுக்குப் போனது.